பின்பக்கத்தைத் தேய்க்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

ஆறு ஆண்டுகளாக ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். போன சனிக்கிழமை இங்குள்ள பழம்பொருள் சந்தையில் ஒரு ராணுவ பெல்ட் பக்கிள் வாங்கினேன். பித்தளைத் தகடு, நடுவில் வெள்ளை உலோக வட்டம். அதில் ஒரு கிரீடமும் ‘கோட் மிட் உன்ஸ்’, அதாவது ‘கடவுள் நம்மோடு’ என்ற வாசகமும் இருக்கின்றன. முதல் உலகப் போர்க் காலத்தது என்றார் விற்றவர். அறுபது யூரோ கொடுத்தேன். அதிகமா? இது அசல்தானா? பழுப்பேறி, ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது. அம்மா குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்க்கலாமா? அந்தச் சிப்பாயே தினமும் தேய்த்துத்தானே வைத்திருந்திருப்பான்? பின்பக்கம் யாரோ ஆணியால் மூன்று எண்களைக் கிறுக்கியிருக்கிறார்கள், நடுவில் இருப்பது 1ஆ 7ஆ என்று தெரியவில்லை. தேய்த்தால் அதுவும் போய்விடும். செத்தவன் பொருளை வீட்டில் வைக்கக் கூடாது என்கிறாள் மனைவி. கடவுளைப் படைகள் ஏன் இடுப்பில் கட்டிக்கொள்கின்றன என்பது என் கடைசிக் கேள்வி.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் நேற்று இரவு வந்தது. காலையில் முதல் வேலையாகப் பதில் எழுதுகிறேன். தாமதித்தால் நீங்கள் புளியைக் கரைத்துவிடுவீர்கள் என்ற பயம்தான் காரணம். ‘அதுவும் போய்விடும்’ என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! அந்த வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

விலையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். பிடித்து வாங்கினீர்கள், அவ்வளவுதான்.

அசலா என்பதைக் கையில் வாங்கிப் பார்க்காமல் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் அமைப்பு பொருந்துகிறது. ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் படை 1847இல் கொண்டுவந்த வடிவம் இது. பித்தளைத் தகட்டின் மேல் தனியாக அச்சடித்த வட்டத்தைப் பற்றவைத்திருப்பார்கள். நம் பாத்திரக் கடைகளில் ஜெர்மன் சில்வர் என்பார்களே, அந்த உலோகம்தான் வட்டம். லென்ஸ் வைத்துப் பாருங்கள். எழுத்தின் விளிம்பு கத்திபோல் நிற்க வேண்டும். மழுங்கி, மேற்பரப்பில் மணல் மணலாகப் புள்ளிகள் இருந்தால் வார்ப்படத்தில் ஊற்றிய போலி. 1915 முதல் தோட்டாவுக்கும் பீரங்கிக் குண்டுக்கும் செம்பும் பித்தளையும் போதாமல் போனதால், ஒரே இரும்புத் தகட்டில் அடித்துச் சாம்பல் நிறம் பூசிக் கொடுத்தார்கள். உங்களுடையது பித்தளை என்பதால் அதற்கு முன் செய்ததாக இருக்கலாம். பக்கிளோடு கோத்த தோல் நாக்கு மிச்சம் இருந்தால் அதில் செய்தவர் பெயரும் ஆண்டும் குத்தியிருக்கலாம், பாருங்கள்.

கடவுள் பற்றிய கேள்விக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். 1917இல் அதே நாடு தன் தேவாலய மணிகளை இறக்கிப் போருக்காக உருக்கியது. மேலே நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனிப் புளிக்கு வருகிறேன்.

களிம்பைக் கண்டால் நம் கை சும்மா இருக்காது. ஆணவ மலத்துக்குச் ‘செம்பில் களிம்பு’ என்று உவமை சொன்ன மரபில் வந்தவர்கள் நாம். உயிரில் ஒட்டிய அழுக்கு அது, நீக்கியே தீர வேண்டும் என்று ஊறிப்போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைத் துலக்குவது சரி, அது இன்றும் எரிகிற விளக்கு. உங்கள் கையில் இருப்பது வேறு. நூறு ஆண்டுகளாக மெல்ல மெல்லப் படிந்த அந்தப் பழுப்புதான் உள்ளே இருக்கும் பித்தளையைக் காத்துக்கொண்டிருக்கிறது. புளியின் அமிலம் அதைக் கரைக்கும், கூடவே மேற்பரப்பில் இருக்கும் துத்தநாகத்தையும் இழுத்துவிடும். மிஞ்சுவது ரோஜா நிறத் திட்டுகள். தோல் நாக்குக்குத் தேங்காயெண்ணெய் போடவும் கிளம்பிவிடாதீர்கள். எண்ணெய்ப் பசை பித்தளையைத் தொட்ட இடமெல்லாம் மெழுகுபோல் பச்சை பூக்கும். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள், போதும். வெளிர் பச்சையில் மாவுபோல் உதிர்ந்தால் மட்டும் அருங்காட்சியகத்தில் உலோகம் பார்க்கிறவர்களிடம் காட்டுங்கள்.

‘சிப்பாயே தேய்த்தானே’ என்று கேட்டீர்கள். கெட்டிக்காரத்தனமான கேள்வி. அதனால்தான் கோபம் வருகிறது.

என் பெரியப்பா இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லை வரை போய்வந்தவர். ஊர் திரும்பி முப்பது ஆண்டுகள் ஆன பிறகும் சனிக்கிழமை காலையில் திண்ணையில் உட்கார்ந்து பெல்ட் பக்கிளைத் துலக்குவார். நடுவில் பிளவு உள்ள ஒரு சிறிய பித்தளைப் பட்டையைத் துணிக்கும் பக்கிளுக்கும் இடையே செருகுவார், துணியில் கறை படியாமல் இருக்க. பிராஸோ பாலிஷைத் துளியளவு தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பார். முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கத்தை அவர் தொட்டு நான் பார்த்ததே இல்லை. அங்கே ஆணி முனையால் கீறிய அவருடைய படை எண் இருந்தது. கடைசி எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

அவர் இறந்த வருடம் எனக்குப் பதினான்கு வயது. பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் படத்தின் முன்னால் வைக்கலாம் என்று பக்கிளை எடுத்தேன். இரவெல்லாம் புளியில் ஊறப்போட்டேன். காலையில் உப்புத்தாள் எடுத்து இரண்டு பக்கமும் தேய்த்தேன். தங்கம்போல் மின்னியது. எல்லோரும் பாராட்டினார்கள். பெரியம்மா மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் முந்தானையில் பொதிந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பல ஆண்டுகள் கழித்து பெரியப்பாவின் பணி விவரத்தைத் தேட அண்ணன் முயன்றபோது அலுவலகத்தில் முதலில் கேட்டது எண்ணைத்தான். தகரப் பெட்டியில் இருந்த காகிதங்களைச் செல் அரித்திருந்தது. பெரியப்பாவின் பெயர் ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கும் பெயர். எண் இருந்த ஒரே இடத்தை நான் உப்புத்தாளால் வழித்திருந்தேன். அந்தப் பக்கிள் இன்று என் மேசையில் இருக்கிறது. பழையபடி பழுப்பேறிவிட்டது, எண் திரும்பி வரவில்லை.

சிப்பாய் தேய்த்தது அவன் உழைப்பு. தேய்க்காவிட்டால் தண்டனை. முன்பக்கத்துக் கிரீடம் மழுங்கியிருந்தால் அது அவன் கட்டைவிரல் செய்தது. நீங்கள் தேய்த்தால் அதன் மேல் உங்கள் கட்டைவிரல் ஏறிவிடும். படை கொடுத்தது முன்பக்கம், எல்லோருக்கும் ஒரே கிரீடம், ஒரே வாசகம். அவன் தனக்கென்று எழுதிக்கொண்டது பின்பக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரஷ்யப் படையின் ஆவணங்கள் பெரும்பகுதி பெர்லினுக்கு அருகே உள்ள பாட்ஸ்டாமில் இருந்தன. 1945 ஏப்ரலில் நடந்த குண்டுவீச்சில் எரிந்துபோயின. நீங்கள் இருக்கும் ஊர் வுர்ட்டம்பெர்க் என்ற இன்னொரு ஜெர்மன் அரசின் தலைநகராக இருந்தது. அவர்கள் படையின் பக்கிளில் வாசகமே வேறு, ‘அச்சமின்றி, விசுவாசமாக’ என்று பொருள். அந்தப் படையின் ஏடுகள் உங்கள் ஊர் ஆவணக் காப்பகத்திலேயே பத்திரமாக இருக்கின்றன. உங்கள் தகடு பிரஷ்யச் சிப்பாயின் இடுப்பில் இருந்ததென்றால், அவன் பெயர் இருந்த ஏடு சாம்பலாகியிருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் மூன்று எண்கள்தாம் மிச்சம். அவை அவனுடைய எண்ணோ, ஆயுதக் கிடங்கு கொடுத்த எண்ணோ, எதுவானாலும் ஒரு கை கீறியது. பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் இன்றும் உழும்போது எலும்புகள் கிடைக்கின்றன. எந்தப் படைக்காரன் என்று சொல்ல, பல நேரம் பக்கிளும் பொத்தானும்தான் இருக்கின்றன. ‘கிறுக்கியிருக்கிறார்கள்’ என்று நீங்கள் எழுதக் கூடாது.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், அவருடைய தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தப் பக்கிளைக் கட்டியிருந்தவன் போரிலேயே செத்தான் என்று நமக்கு எப்படித் தெரியும்? வீடு திரும்பி, கிழவனாகி, பேரன் பேத்திகளைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். மேசை இழுப்பறையில் ஒரு பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அவர் சம்மதிப்பார்.

இன்றிரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். கீறலில் நிழல் விழும். ஜெர்மானியர்கள் 1 என்ற எண்ணை எழுதும்போது மேல்நோக்கி நீளமாக ஒரு கோடு இழுப்பார்கள், நம் கண்ணுக்கு ஏழுபோலவே தெரியும். ஏழின் இடுப்பில் குறுக்கே ஒரு சிறிய கோடு போடுவார்கள். குறுக்குக் கோடு இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.