சீன அரசியல் ஆய்வாளரின் மேற்கோள் கணக்கு: கேள்வி பதில்

சீனக் கிராமத்து மக்கள் மத்திய அரசின் சட்டத்தையும் கொள்கையையும் கையில் எடுத்துக்கொண்டே உள்ளூர் அதிகாரிகளை எதிர்ப்பார்கள். இதற்கு 'ரைட்ஃபுல் ரெசிஸ்டன்ஸ்' என்று பெயர் வைத்து 1996இல் 'வேர்ல்ட் பாலிடிக்ஸ்' இதழில் எழுதியவர் கெவின் ஓப்ரையன். லியான்ஜியாங் லீயுடன் சேர்ந்து அவர் எழுதிய 'ரைட்ஃபுல் ரெசிஸ்டன்ஸ் இன் ரூரல் சைனா' நூல் 2006இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாக வந்தது. ஓர் ஆய்வாளரின் படைப்பை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எப்படி எண்ணுவது? இந்த இருவரை வைத்தே அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

மாலினி: மேடம், லீயின் பெயரைப் போட்டால் வேதியியல், பொறியியல் கட்டுரையெல்லாம் வந்து கொட்டுகிறது. என்ன செய்வது?

'எல். லீ' என்று சுருக்கித் தேடியிருப்பீர்கள். சீனாவில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் லீ ஒன்று. முழுப் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். கூடவே ஓப்ரையன் பெயரையோ 'ரூரல் சைனா' என்ற சொல்லையோ சேர்த்தால் குப்பை பெரும்பாலும் விழுந்துவிடும். நீங்கள் தேடும் ஆளுக்கு ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண் இருந்தால் முதலில் அதைப் பிடியுங்கள். ஸ்கோப்பஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு ஆசிரியர் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல்கலைக்கழகம் மாறினால் கணக்கு இரண்டாக உடைவதுண்டு.

சரவணன்: வெப் ஆஃப் சயின்ஸில் லீ பெயரில் அந்த நூலையே காணோம். கூகுள் ஸ்காலரில் மேல் வரிசையில் நிற்கிறது. எதை நம்புவது?

இரண்டும் எண்ணுவது வேறு வேறு. வெப் ஆஃப் சயின்ஸும் ஸ்கோப்பஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்கள், நூல்களை மட்டும் எண்ணும். ஸ்காலர் ஆய்வேடு, கருத்தரங்கத் தாள், நூல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும். சீன அரசியல் படிப்பில் நூல்தான் முதுகெலும்பு என்பதால் இடைவெளி பெரிதாகத் தெரிகிறது.

வெப் ஆஃப் சயின்ஸில் சாதாரணத் தேடலை விட்டுவிட்டு 'சைட்டட் ரெஃபரன்ஸ் சர்ச்' பகுதிக்குப் போங்கள், கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலுக்குள்ளேயே தேடும் பகுதி அது. அங்கே, தரவுத்தளத்தில் தனக்கென முழுப் பதிவு இல்லாத படைப்புகள் முதல் ஆசிரியர் பெயரில் மட்டுமே நிற்கும். நூலின் முதல் ஆசிரியர் ஓப்ரையன். அதனால் லீ பெயரில் எவ்வளவு தேடினாலும் அந்த வரிகள் சிக்காது. ஓப்ரையன் (O'Brien) பெயரில் Oவுக்குப் பின் வரும் ஒற்றைக் குறியை எடுத்துவிட்டு, முதலெழுத்துக்குப் பின் நட்சத்திரக் குறி (OBrien K*) போட்டு, ஆண்டு 2006 என்று கொடுங்கள். நூற்பெயர் பலவிதமாகச் சுருக்கப்பட்டிருக்கும், பக்க எண்ணோடும் இல்லாமலும் தனித்தனி வரிகளாக வரும். நம் நூலுக்கான வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கூட்டுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் எழுதும் எண் நூலாசிரியருக்கு அநியாயம்.

ஸ்காலரில் சிக்கல் தலைகீழ். ஒரே நூல் இரண்டு மூன்று பதிவாக இருக்கும், நூல் மதிப்புரைகூட அவர் படைப்பாக ஏறியிருக்கும். ஆசிரியர் பக்கத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் தெரிந்தால், பல பதிவுகளை ஒன்றாக்கிய எண் அது. அதன் மேல் சொடுக்கி என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

ஃபாத்திமா: சீன மொழியில் வந்த மேற்கோள்களை எங்கே தேடுவது?

சிஎன்கேஐ என்ற சீன ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில். நான்ஜிங் பல்கலைக்கழகம் நடத்தும் சிஎஸ்எஸ்சிஐ சமூக அறிவியல் இதழ்களுக்கான குறியீடு, அதுவும் உதவும். இங்கே ரோமன் எழுத்து பயன்படாது. ஓப்ரையனுக்குச் சீனத்தில் ஓ போவென் என்று பெயர், சீன எழுத்தில் அதைக் கொடுத்துத் தேட வேண்டும். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சிஎன்கேஐயின் ஆய்வேடு, கருத்தரங்கத் தொகுதிகள் போன்ற சில பகுதிகள் முடக்கப்பட்டன. உங்கள் நூலகச் சந்தாவில் எது திறக்கிறது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நுணுக்கம். லீயும் ஓப்ரையனும் சீனத்தில் இந்தப் போராட்டத்தை 'யிஃபா காங்ஜெங்' என்றார்கள், அதாவது 'சட்டத்தின்படி எதிர்ப்பது'. யூ ஜியான்ரோங் என்ற சீன ஆய்வாளர் பிறகு இதை மறுத்து, 'சட்டத்தை ஆயுதமாகக் கொண்டு எதிர்ப்பது' என்று வேறொரு சொல்லை வைத்தார். அதுவும் 'யிஃபா காங்ஜெங்'தான்! முதல் சீன எழுத்தும் அதன் தொனியும் (உச்சரிப்பின் ஏற்ற இறக்கமும்) மட்டுமே வேறு. தொனிக் குறி இல்லாத ரோமன் எழுத்தில் தேடினால் இரண்டு வாதமும் ஒன்றாகக் கலந்துவிடும்.

சரவணன்: அப்படியானால் மறுத்து எழுதியதும் மேற்கோள்தானா?

எண்ணிக்கையில் அதுவும் ஒன்றுதான். ஒருவரை மறுத்தே ஒரு புதுக் கருத்து பிறக்கிறது என்றால் அதுவும் தாக்கமே, சொல்லப்போனால் கனமான தாக்கம். மேற்கோள்களில் 20, 30ஐ எடுத்து, அந்தப் பத்தியைப் படித்து, 'போகிற போக்கில்', 'பயன்படுத்தியது', 'மறுத்தது' என்று பிரித்துப் பாருங்கள். மொத்த எண் தராத தெளிவு இதில் கிடைக்கும்.

ஜெயந்தி: எச்-இண்டெக்ஸை எப்படிக் கணக்கிடுவது?

2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு அது. ஒருவரின் எச் 5 என்றால், குறைந்தது 5 மேற்கோள் பெற்ற படைப்புகள் அவருக்கு 5 உண்டு என்று பொருள். படைப்புகளை மேற்கோள் எண்ணின் இறங்குவரிசையில் அடுக்குங்கள்: 40, 22, 9, 6, 5, 3 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவதில் 5 இருக்கிறது, ஆறாவதில் 3தான். எச் 5. முதல் நூல் 40க்குப் பதில் 4,000 பெற்றாலும் எச் அதே 5தான். ஒரு பெரிய நூலால் பேர்பெற்றவரை இது குட்டையாகக் காட்டும். இயற்பியல்காரரின் எச்சோடு சீன அரசியல் ஆய்வாளரின் எச்சை ஒப்பிடவே கூடாது.

ஃபாத்திமா: சீனாவுக்குள் மேற்கோள் குறைவென்றால் அங்கே யாரும் படிப்பதில்லை என்று கொள்ளலாமா?

கூடாது. 2017 ஆகஸ்டில் சீன ஆய்வுக்கான 'தி சைனா குவார்ட்டர்லி' இதழின் 300க்கு மேற்பட்ட கட்டுரைகளையும் மதிப்புரைகளையும், சீனத் தரப்பு கேட்டதற்கிணங்க கேம்பிரிட்ஜ் பதிப்பகம் அங்கே முடக்கியது. எதிர்ப்பு வந்ததும் சில நாளில் திறந்துவிட்டது. படித்தவர்கூடப் பெயரைக் குறிப்பிடத் தயங்கும் தலைப்புகள் இருக்கின்றன.

மாலினி: ஆய்வேட்டில் இதையெல்லாம் எப்படி எழுதுவது மேடம்?

எண்ணோடு தரவுத்தளத்தின் பெயர், எடுத்த தேதி, தேடிய சொல், நூல் சேர்ந்ததா இல்லையா, ஆசிரியர் தன்னைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்ததா இல்லையா, இந்த ஐந்தும் ஒரே வரியில் வரட்டும். ஸ்காலர் எண்ணையும் ஸ்கோப்பஸ் எண்ணையும் ஒரே பத்தியில் கூட்டாதீர்கள், தனித்தனி நெடுவரிசையாகக் கொடுங்கள்.