எல்லாரும் 99.9% என்கிறார்கள், சேர்த்து ஓட்டினால் ஏன் சொதப்புகிறது?

கேள்வி: பணம் கட்ட ஒரு நிறுவனம், எஸ்எம்எஸ் அனுப்ப இன்னொன்று, வரைபடத்துக்கு வேறொன்று என்று வெவ்வேறு இடங்களில் ஓடும் சேவைகளைக் கோத்து ஒரு செயலி நடத்துகிறோம். எல்லாரும் 99.9% என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் வாடிக்கையாளர்கள் திட்டுகிறார்கள். மொத்தத் தரத்தை எப்படிக் கட்டுக்குள் வைப்பது?

நான் கம்பத்துக்காரன், வேலை மலைக்கு மேலே குமுளியில். தேக்கடிப் பக்கத்து ஹோம்ஸ்டேக்களுக்கு அறை பதிவு செய்யும் சின்ன செயலி ஒன்றை நானும் இன்னொரு பையனும் பார்த்துக்கொள்கிறோம். அதனால் இந்தக் கேள்விக்குப் பட்ட அனுபவம் உண்டு.

சபரிமலை சீசனில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, ஹோம்ஸ்டே நடத்தும் அக்கா ஒருவர் போன் போட்டார். "தம்பி, ஒரே ரூமுக்கு ஒரு குடும்பமும் சாமிமார் அஞ்சு பேரும் வந்து நிக்கிறாங்க. ரெண்டு பக்கமும் பணம் கட்டுன மெசேஜ் காட்டுறாங்க. நான் யாரை உள்ள விட?" சேவைகளின் நிலையைக் காட்டும் டாஷ்போர்டைத் திறந்தால், நாங்கள் கோத்திருக்கும் ஐந்து சேவைகளும் பச்சையாக ஜொலிக்கின்றன. அவரவர் கணக்கில் எல்லாரும் யோக்கியர்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 99.9% என்றால் 30 நாளில் சுமார் 43 நிமிடம் படுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். ஐந்தும் வேலை செய்தால்தான் பதிவு நடக்கும், ஒவ்வொன்றும் தனித்தனி நேரத்தில் படுக்கும் என்றால் மொத்தம் 99.5%தான். அதாவது மாதத்துக்கு மூன்றரை மணி நேரம். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை.

தாமதம் இதைவிட மோசம். எங்கள் ஊரில் விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பத்து பேரும் வந்தால்தான் வண்டி நகரும். ஒவ்வொருவரும் நூறு நாளில் 99 நாள் நேரத்துக்கு வருகிறவர்தான். ஆனால் பத்து நாளுக்கு ஒருமுறை வண்டி தாமதமாகக் கிளம்பும். கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013இல் எழுதிய கட்டுரையில் இதே கணக்கை 100 சர்வர்களுக்குப் போட்டார்கள். ஒவ்வொன்றும் நூற்றில் ஒரு தடவைதான் மந்தம். ஆனால் நூறிடமும் கேட்டாக வேண்டிய கோரிக்கைகளில் 63% மந்தமாகிவிடுகின்றன. அதனால் சராசரி நேரத்தைக் காட்டி யாராவது பெருமை பேசினால் பி99, அதாவது நூற்றில் 99 கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன, என்று கேளுங்கள்.

சரி, அக்கா வீட்டு விஷயம். சர்வர் நடந்ததையெல்லாம் எழுதி வைக்கும் லாக் கோப்பை நோண்டினபோது தெரிந்தது இதுதான்: பணம் கட்டும் சேவையின் பதிலுக்கு எங்கள் சர்வர் 20 விநாடிதான் காத்திருக்கும். அதற்குள் வராவிட்டால் 'தோல்வி' என்று எழுதி அறையை விடுவித்துவிடும். அவர்களோ ஒரு நிமிடம் வரை முயன்றுகொண்டே இருப்பார்கள். குடும்பத்துக்காரரின் பணம் 40ஆவது விநாடியில் போய்ச் சேர்ந்தது. அதற்குள் அறையைச் சாமிமார் எடுத்துவிட்டார்கள். இது இரண்டு கடிகாரங்கள் ஒன்றோடொன்று பேசாததால் வந்த வினை. அவர்கள் சேவை அன்று ஒரு விநாடிகூடப் படுக்கவில்லை.

இப்போது வாடிக்கையாளர் கண்ணெதிரே காத்திருக்கும் நேரம் மொத்தம் 4 விநாடி என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். ஒரு சேவைக்குப் போகும் ஒவ்வொரு அழைப்பும் 'மீதி நேரம் இவ்வளவுதான்' என்ற எண்ணைக் கையோடு எடுத்துப் போகிறது. மீதி இல்லாவிட்டால் அடுத்த சேவையைக் கூப்பிடுவதே இல்லை. பணம் மட்டும் இந்தக் கணக்கில் வராது. பதில் வராததைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாமல், என்ன ஆயிற்று என்று திரும்பக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை அறையைப் பிடித்தே வைக்கிறோம். எஸ்எம்எஸ் வரிசையில் போய் நிற்கும். அது தாமதமானால் பதிவு நிற்காது. (மலை ஏறும்போது போன் தமிழ்நாட்டு டவருக்கும் கேரள டவருக்கும் மாறி மாறித் தாவும். எஸ்எம்எஸ் உடனே வரும் என்று இங்கே யாரும் நம்புவதில்லை.) வரைபடம் வராவிட்டால் நேற்றுச் சேமித்த தூரத்தைக் காட்டுகிறோம். அறை காலியா என்பதில் மட்டும் பழைய தகவல் கூடவே கூடாது. எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதை நிரலாளர் தனியாக முடிவு செய்யாதீர்கள். நாங்கள் அந்த அக்காவையே கேட்டோம்.

ரீட்ரை, அதாவது தோற்றால் மறுபடி முயல்வது, இதில் கவனமாக இருங்கள். ஒன்றை ஒன்று கூப்பிடும் மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் மூன்று தடவை முயல்கிறது என்றால் அடியில் இருப்பவருக்கு 27 அடி விழும். ஏற்கெனவே திணறுகிறவரை நாமே மூழ்கடிக்கிறோம். ஒரே அடுக்கில் மட்டும் வையுங்கள். தொடர்ந்து தோற்றால் கொஞ்ச நேரம் கூப்பிடாமலே இருக்க ஒரு சர்க்யூட் பிரேக்கர் போதும்.

ரவுட்டரில் க்யூஓஎஸ் (முக்கியமான தரவுக்கு வலையில் முன்னுரிமை கொடுக்கும் ஏற்பாடு) போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். 1998இல் வந்த டிஃப்செர்வ் முறையில் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் (பாக்கெட்) முன்னுரிமை முத்திரை குத்தலாம், உண்மைதான். ஆனால் அது உங்கள் வலைக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும். பொது இணையத்தில் அடுத்தவர் அதை மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அழித்தும் விடலாம். தமிழ்நாட்டு பர்மிட்டை மட்டும் வைத்துக்கொண்டு டாக்ஸிக்காரர் குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டிப் பார்க்கட்டும்!

சேவைத் தரத்துக்கு அவர்கள் வாக்குக் கொடுக்கும் எஸ்எல்ஏ ஒப்பந்தத்தை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். பராமரிப்பு நேரம் பெரும்பாலும் கணக்கில் சேராது. வாக்குத் தவறினால் கட்டணத்தில் ஒரு பங்கு கழிவு கிடைக்கும், அவ்வளவுதான். எங்களுக்கு அப்படி வரக்கூடிய தொகையில் சாமிமார் ஐந்து பேருக்கு டீ வாங்கிக் கொடுக்கலாம். அதனால் அளவெடுப்பதை அவர்களிடம் விடவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் கொடுத்து, அது எந்தச் சேவையில் எத்தனை மில்லிவிநாடி நின்றது என்று நாங்களே எழுதி வைக்கிறோம்.

அன்று ராத்திரி குடும்பம் ரூமில் தங்கியது, சாமிமார் அக்கா வீட்டு ஹாலில் படுத்தார்கள். அக்கா இன்றும் செயலியில் பதிவு வந்ததும் ஆளுக்குப் போன் போட்டு ஒருமுறை கேட்டுக்கொள்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.