வைட்டமின் ஈ 400: வீட்டில் எல்லோரும் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. பாலக்கோடு பக்கம் கிராமம். ராத்திரியில் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, முடியும் நிறையக் கொட்டுகிறது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டு மெடிக்கலில் வைட்டமின் ஈ 400 காப்ஸ்யூல் வாங்கி, 14 மாதமாகத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரோடு ஒன்று போட்டுக்கொள்கிறேன். என் வீட்டுக்காரருக்குப் போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறார். இதயத்துக்கு நல்லது என்று சொன்னதால் இரண்டு மாதமாக அவருக்கும் இதைக் கொடுக்கிறேன். மகள் காப்ஸ்யூலை ஊசியால் குத்தி, அந்த எண்ணெயை முகப்பருத் தழும்பில் பூசுகிறாள். தொடரலாமா? எத்தனை நாள் சாப்பிடலாம்? எந்த நேரத்தில் சாப்பிடுவது நல்லது?

பதில்: அம்மா, முதலில் உங்கள் வீட்டுக்காரர் விஷயம். அவருக்கு வைட்டமின் ஈ கொடுப்பதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டுப் பதற்றத்தில் ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரலையோ ஒருநாள்கூட நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளாமல் காப்பது அந்த இரண்டும்தான். நிறுத்த வேண்டியது வைட்டமின் ஈ காப்ஸ்யூலை மட்டும்.

காரணம் என்னவென்றால், ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்கின்றன, அதிக அளவில் போகும் வைட்டமின் ஈயும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது. போதாததற்கு, இரத்தம் உறைவதற்குத் தேவையான வைட்டமின் கேயின் வேலையிலும் குறுக்கிடுகிறது. மூன்றும் சேர்ந்தால் உள்ளே எங்காவது கசிவு தொடங்கினால் நிற்பது கஷ்டம். பல் தேய்க்கும்போது ஈறில் இரத்தம், மூக்கில் இரத்தம், இடிபடாமலே தோலில் நீலத் திட்டு, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது, இதில் எதுவாவது அவருக்கு இருந்ததா என்று கேளுங்கள். இருந்திருந்தால் இதய மருத்துவரை உடனே பாருங்கள். திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விளங்காமல் போவது என்றால் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், நான் தொழிலுக்கு வந்த புதிதில், மூக்கில் இரத்தம் நிற்காமல் வந்தார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது வைட்டமின் ஈயைச் சொல்லவே இல்லை. "அது சத்து மாத்திரைதானே டாக்டர், மருந்து இல்லையே" என்றார். அன்றிலிருந்து நோயாளிகளிடம் நான் "மாத்திரை" என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை, சத்து, டானிக், லேகியம், பொடி என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன்.

சரி, இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? இந்த வைட்டமின் செல்களின் கொழுப்புச் சவ்வு கெடாமல் காக்கிறது, அதனால் இரத்தக்குழாய் அடைப்பையும் தடுக்கும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினோம். நம்பிக்கை நியாயமானதுதான், அதனால்தான் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இதய நோய் ஆபத்து அதிகமுள்ள, 55 வயதுக்கு மேற்பட்ட சுமார் 9,500 பேர் பங்கேற்ற ஓர் ஆய்வில் பாதிப் பேருக்குத் தினமும் 400 யூனிட் (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு, உங்கள் அட்டையில் உள்ள 400 இதுதான்) வீதம் நாலரை ஆண்டு கொடுத்தார்கள். 2000-இல் முடிவு வந்தது, மாரடைப்பும் குறையவில்லை, மரணமும் குறையவில்லை. அதே ஆட்களை மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2005-இல் வெளியிட்டபோது, வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களிடம் இதயம் பலவீனமாகும் ஆபத்து 13 சதவீதம் கூடுதலாக இருந்தது. பக்கவாதத்தைப் பற்றிப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-இல் சொன்னது இன்னும் கவனிக்க வேண்டியது: மூளை இரத்தக்குழாய் அடைப்பு 10 சதவீதம் குறைந்தது, ஆனால் மூளையில் இரத்தக் கசிவு 22 சதவீதம் கூடியது. இன்னொன்று, அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வு, தினமும் 400 யூனிட் சாப்பிட்டவர்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்ததை 2011-இல் காட்டியது. உங்கள் வீட்டுக்காரருக்கு நாளைக்கே ஏதோ ஆகிவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை, பயப்படாதீர்கள். நன்மை ஏதும் கிடைக்காத ஒன்றுக்காக இந்த ஆபத்துகளை அவர் தலையில் ஏற்ற வேண்டாம் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

இப்போது உங்களுக்கு வருகிறேன். அட்டையில் போட்டிருக்கும் அந்த 400 என்ற எண்ணை யாரும் உங்களுக்கு விளக்கியிருக்க மாட்டார்கள். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் வைட்டமின் ஈ 15 மில்லிகிராம். பெரும்பாலான 400 காப்ஸ்யூலில் இருப்பது ஆலையில் செய்யும் செயற்கை வகை, அதில் பாதிதான் உடலுக்குப் பயன்படும் என்று கணக்கிட்டாலும் சுமார் 180 மில்லிகிராம் வருகிறது, அதாவது தேவையைப் போல 12 மடங்கு. எண்ணெய் வித்திலிருந்து எடுத்த இயற்கை வகையில் 400 யூனிட் என்றால் 268 மில்லிகிராம், கிட்டத்தட்ட 18 மடங்கு. ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க வரம்பு, ஐரோப்பாவில் அதையே 300 என்று வைத்திருக்கிறார்கள். நீங்கள் சாப்பிட்டது இரண்டு வரம்புக்கும் கீழேதான், அதனால் இந்த 14 மாதத்தில் உடம்பு கெட்டுப்போயிருக்கும் என்று கவலைப்பட வேண்டாம். ஆனால் மேலே சொன்ன ஆய்வுகளில் கெடுதல் தெரிந்ததும் இதே 400 யூனிட்டை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்களிடம்தான், அதனால் வரம்புக்குள் இருக்கிறது என்று ஆறுதல் சொல்லித் தொடரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வைட்டமின் சி மாதிரி மிச்சமெல்லாம் சட்டென்று சிறுநீரில் போய்விடும் சத்தும் இல்லை இது, கொழுப்பில் கரைந்து கொழுப்பிலேயே தங்கும். நிறுத்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டியதில்லை, நாளையிலிருந்து போடாமல் விட்டால் போதும். ஏதாவது அறுவை சிகிச்சையோ பல் பிடுங்குவதோ வரப்போகிறது என்றால், இவ்வளவு நாள் சாப்பிட்டதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எந்த நேரம் என்று கேட்டிருந்தீர்கள். வெறும் வயிற்றில் வெந்நீரோடு சாப்பிட்டால் அதில் பெரும்பகுதி உடலில் சேராமலே வெளியேறிவிடும், ஏனென்றால் கொழுப்பு உள்ள உணவோடு போனால்தான் இது உறிஞ்சப்படும். மருத்துவர் யாருக்காவது ஒரு காரணத்துக்காக எழுதிக் கொடுத்தால், நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ ஊற்றித் தாளித்த குழம்போடு மதியச் சாப்பாடு முடிந்ததும் சாப்பிடுவது சரி. எத்தனை வாரம் என்பதையும் அவரிடமே கேட்டு அட்டையின் பின்னால் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே பல சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார்களா என்றும் பார்க்க வேண்டும், அதிலும் வைட்டமின் ஈ இருக்கும்.

எழுதிக் கொடுக்கும் காரணங்கள் உண்மையிலேயே உண்டு, மருந்தைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. பித்த நாளம் அடைத்துக் கொழுப்பு செரிக்காதவர்களுக்கும், பிறவியிலேயே இந்தச் சத்தை உடலில் தக்கவைக்க முடியாத சில குழந்தைகளுக்கும் இது இல்லாவிட்டால் நரம்பு கெட்டு நடை தள்ளாடும். சர்க்கரை நோய் இல்லாமல் கல்லீரல் கொழுப்பால் வீக்கம் வந்து, அது சதைப் பரிசோதனையில் உறுதியான சிலருக்கு 800 யூனிட் கொடுத்ததில் பலன் கிடைத்ததாக 2010-இல் ஒரு நல்ல ஆய்வு வந்தது. அந்த ஆய்வில்கூட மருத்துவர்கள் 96 வாரம் கவனித்துக்கொண்டேதான் கொடுத்தார்கள். ஸ்கேனில் "ஃபேட்டி லிவர்" என்று எழுதியிருந்த உடனே மெடிக்கலில் போய் வாங்குவது வேறு.

குழந்தைப்பேறுக்காகவும் நம் ஊரில் பலர் இதைச் சாப்பிடுகிறார்கள். 1922-இல் கலிஃபோர்னியாவில் ஹெர்பர்ட் எவன்ஸும் கேத்தரின் பிஷப்பும் இதைக் கண்டுபிடித்ததே, சில உணவைத் தின்ற எலிகளுக்குக் கரு தங்காமல் போனதைப் பார்த்துத்தான். டோகோஃபெரால் என்ற பெயரிலேயே பிள்ளைப்பேறு என்று பொருள்படும் கிரேக்கச் சொல் இருக்கிறது. ஆனால் அந்த எலிகளுக்கு இந்தச் சத்து சுத்தமாகவே கிடைக்காமல் செய்திருந்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடும் பெண்ணுக்கு அந்தக் கதை பொருந்தாது.

அப்புறம் உங்கள் கால் இழுப்பு. இதற்கு வைட்டமின் ஈ உதவும் என்று காட்டும் உறுதியான ஆதாரம் இல்லை. அதைவிட நீங்கள் பாலக்கோடு பக்கம் என்று எழுதியிருப்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்ததே இதற்காகத்தான், 2013-இல் தொடங்கி வைத்தார்கள். உங்கள் வீட்டில் இன்னமும் போர் தண்ணீரையா குடிக்கிறீர்கள்? ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கும் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகி வலிக்கும், குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை படியும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நிறைய வீட்டில் நினைக்கிறார்கள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் வற்றும், ஃபுளோரைடு அப்படியே மிஞ்சி அடர்த்தியாகும். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், போர் தண்ணீரைத் துவைக்கவும் மாட்டுக்கும் வைத்துக்கொள்ளாமல் துவைப்பதற்கு மட்டும் வையுங்கள், மாட்டுக்கும் அது நல்லதில்லை.

ஃபுளோரைடுதான் காரணம் என்று இங்கிருந்தே நான் முடிவு கட்டவில்லை. நாள் முழுக்கக் களையெடுத்துவிட்டு வருபவர்களுக்கும், நரம்பு சுருண்டு நிற்கும் கால்களுக்கும், தைராய்டு, சர்க்கரை உள்ளவர்களுக்கும் இப்படி இழுக்கும். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டாலும் வரும். அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, கால்சியம், சிறுநீரகச் சோதனை இவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முடி கொட்டுவதற்கும் இதே சோதனைகள்தான், உங்கள் வயதில் மாதவிடாய் அதிகமாகப் போகிறது என்றால் இரும்புச்சத்து குறைந்திருக்க வாய்ப்பு அதிகம், அதை வைட்டமின் ஈ சரிசெய்யாது. அதுவரை படுக்கப் போகும் முன் சுவரைப் பார்த்து நின்று, இரு கையையும் சுவரில் ஊன்றி, குதிகாலைத் தரையில் பதித்தபடி முன்னால் சாய்ந்து கெண்டைக்காலை நீட்டிவிடுங்கள், ஒவ்வொரு காலுக்கும் மூன்று தடவை. இழுத்துப் பிடிக்கும் நேரத்திலும் கால் கட்டை விரலை உங்கள் பக்கம் இழுத்தால் சதை விடும்.

மகளிடம் ஊசியை வாங்கி வைத்துவிடுங்கள். தழும்பில் வைட்டமின் ஈ பூசிப் பார்த்த ஓர் ஆய்வில் தழும்பு மறையவில்லை, மூன்றில் ஒருவருக்குத் தோல் அரித்துச் சிவந்தது. பருவுள்ள முகத்தில் அந்தப் பிசுக்கு எண்ணெய் துவாரத்தை அடைத்து மேலும் பருவைத்தான் கொண்டுவரும். பரு இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்றால் முதலில் பருவுக்கு வைத்தியம், தழும்பு பிறகு. தோல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தால் அந்தக் காப்ஸ்யூலுக்குச் செலவழித்த பணத்தில் பாதிக்குள் சரியான களிம்பு கிடைக்கும்.

வைட்டமின் ஈ வேண்டும் என்றால் நம் நிலத்திலேயே இருக்கிறது. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில், 30 கிராம் அளவுக்கு, இரண்டரை மில்லிகிராம். ஒரு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெயில் ஐந்தரை. கீரையிலும் கொஞ்சம், சீசனில் சாப்பிடும் மாம்பழத்திலும் கொஞ்சம். களியோடு கீரை கடைசல், சாயங்காலம் அவித்த கடலை, சமையலில் அளவான எண்ணெய் என்று சாப்பிடும் வீட்டில் இந்தச் சத்துக் குறைபாடு அபூர்வம். பஜ்ஜி பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள், அதில் வைட்டமின் ஈ தாங்காது.

வீட்டுக்காரர் அடுத்த முறை இதய மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மிச்சமிருக்கும் அட்டையையும் பையில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள், இரண்டு மாதம் தினம் ஒன்று சாப்பிட்டார் என்று அவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் சோதனை முடிவுகள் வந்ததும் எழுதுங்கள், வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள், எத்தனை வருடமாக என்பதையும் சேர்த்து.