வொர்க்ஸ்டேஷன் லேப்டாப்புக்கு எந்த ப்ராசஸர்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: சார், 3டி ரெண்டரிங் செய்கிறேன். இன்டெல்லில் 24 கோர், ஏஎம்டியில் 16 கோர் என்கிறார்கள். 24 வாங்கிவிடலாமா?

எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கோர் என்பது சிப்புக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு மூளை. இன்டெல்லின் கோர் அல்ட்ரா 9 275எச்எக்ஸில் 8 பெரிய கோர், 16 சின்ன கோர். ஒரே கோர் இரண்டு வேலையை (த்ரெட்) ஒன்றாகப் பார்க்கும் ஹைப்பர் த்ரெடிங் கிடையாது, ஆக 24 த்ரெட். ஏஎம்டியின் ரைசன் 9 9955எச்எக்ஸில் 16 கோரும் முழு பலம் கொண்டவை, த்ரெட் 32. ரெண்டரிங்குக்கு இரண்டுமே நல்ல குதிரைகள்தான்.

அதைவிட முக்கியம், அந்தச் சிப்புக்கு லேப்டாப் எத்தனை வாட் கொடுக்கிறது, எவ்வளவு நேரம் கொடுக்கிறது என்பது. இன்டெல்லின் ஐ9 14900எச்எக்ஸின் அடிப்படை அளவு 55 வாட், உச்சம் 157 வாட். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது ஃபேனும், சூட்டைக் கடத்தும் ஹீட் பைப்பும், பயாஸ் (லேப்டாப்பின் அடிப்படை மென்பொருள்) அமைப்பும்தான். ஒரே ப்ராசஸர் போட்ட இரண்டு லேப்டாப்புகளில் ஒன்று ஓடும், ஒன்று மூச்சு வாங்கும்.

நானே சூடு பட்டவன். மெல்லிசாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு ஒரு ஐ9 லேப்டாப் வாங்கினேன். கடையில் ப்ராசஸரின் வேகத்தைச் சோதிக்கும் சினிபெஞ்ச் ஒரே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன், மதிப்பெண் பிரமாதம். வீட்டுக்கு வந்து வாட், சூடு எல்லாம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பத்து நிமிடம் விடாமல் ஓட்டினேன். நூறு வாட்டுக்கு மேல் ஆரம்பித்தது, நாலாவது நிமிடத்தில் பாதிக்கு வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த தடிமனான பழைய ஐ7 அதே ரெண்டரை முன்னதாக முடித்தது. அதனால் விமர்சனங்களைப் பார்க்கும்போது முதல் சுற்று மதிப்பெண்ணை விடுங்கள், பத்தாவது நிமிடத்து வாட் எவ்வளவு என்று தேடுங்கள்.

கேள்வி: இயந்திர டிசைன் மென்பொருளான சாலிட்வொர்க்ஸில் பெரிய அசெம்பிளி ரீபில்டு ஆக நேரம் எடுக்கிறது. கோர் கூட்டினால் சரியாகுமா?

ஆகாது. ரீபில்டு என்பது மாடலை மறுபடி படிப்படியாகக் கட்டுவது. ஒரு ஃபீச்சர், அதாவது ஒரு படி, முடிந்தால்தான் அதைச் சார்ந்த அடுத்தது தொடங்க முடியும். பெரும்பாலும் ஒரு கோர்தான் உழைக்கும், மற்றவை வேடிக்கை பார்க்கும். ஒற்றைக் கோர் வேகம் நன்றாக இருந்தால் போதும். ஐ9, ரைசன் 9 மாதிரி 9 வரிசை வேண்டாம், 7 வரிசையில் ஒன்றை எடுத்து, மிச்சப் பணத்தை ரேமில் போடுங்கள். ரெண்டர், சிமுலேஷன் என்று போனால் அப்புறம் கணக்கு வேறு.

கேள்வி: அண்ணா, எம்.இ. மாணவன். ஃப்ளூயன்ட் மென்பொருளில் சிஎஃப்டி (காற்று, நீர் ஓட்டக் கணக்கீடு) செய்கிறேன். 24 கோரிலும் ஓட்டினால் 16-ஐ விட மெதுவாகிறது. ஏன்?

அருமையான கேள்வி தம்பி. உங்கள் மெஷ், அதாவது கணக்கிட வேண்டிய சின்னச் சின்னக் கட்டங்களின் வலை, ஏறக்குறைய சம பங்குகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு கோருக்கும் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் எல்லோரும் முடித்த பிறகுதான் அடுத்தது. பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை மற்றவர்கள் இலை முன் உட்கார்ந்திருப்பது மாதிரி, சின்ன கோர் முடிக்கும்வரை பெரிய கோர் காத்திருக்கும். பெரிய கோர்களை மட்டும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.

இன்னொரு முட்டுக்கட்டை மெமரி. இரண்டு சேனல் டிடிஆர்5 5600 ரேம் நொடிக்கு 89.6 ஜிபி தரும், அவ்வளவுதான். அதை எல்லாக் கோரும் பங்கு போட வேண்டும். எட்டுப் பத்துக் கோருக்கு மேல் பெரிய லாபம் தெரியாது. ஒரே ஒரு ரேம் குச்சி போட்டிருந்தால் அதிலும் பாதி, முதலில் அதைப் பாருங்கள். ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ் பிளஸ் 395 சிப்பில் மெமரிப் பாதை இரண்டு மடங்கு அகலம், 256 பிட். நொடிக்கு 256 ஜிபி என்பது கணக்கு. கோர்கள் மட்டும் இழுத்தால் அவ்வளவும் வராது, பெரும்பங்கு கிராபிக்ஸுக்குத்தான். ரேமும் போர்டோடு சாலிடர் செய்தது, வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டர். 4:2:2 10 பிட் எச்இவிசி கிளிப் போட்டால் டைம்லைன் திக்குகிறது. புது ரைசன் 9 வாங்கலாமா?

கோர் எண்ணிக்கை இங்கே உதவாது. நிறத் தகவல் அதிகமாகவும் நெருக்கிச் சுருக்கியும் இருக்கும் அந்த வீடியோ வடிவத்தைப் பிரித்துப் படிக்கத் தனி ஹார்டுவேர் வேண்டும். இன்டெல்லின் உள் கிராபிக்ஸில் (ப்ராசஸருக்குள்ளேயே இருப்பது) உள்ள குயிக் சிங்க் என்ற வீடியோ பகுதியில் 11-ஆம் தலைமுறையிலிருந்தே அது இருக்கிறது. ரைசனின் உள் கிராபிக்ஸ் அதற்குக் கை கொடுக்காது. ஆனால் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும், எந்த ப்ராசஸரானாலும் சரி.

ஒரு சின்ன விஷயம்: சில லேப்டாப்புகளில் கேம் ஆடுவதற்காகத் தனி கிராபிக்ஸ் மட்டும் என்று மாற்றி வைத்திருப்பார்கள். அப்போது உள் கிராபிக்ஸே மறைந்துபோகும், குயிக் சிங்க்கும் கூடவே போகும். உங்களிடம் இருப்பது இன்டெல் என்றால், புதிது வாங்கும் முன் அந்த மோடை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: மேக்புக் ப்ரோ?

ஆப்பிளின் எம்4 மேக்ஸ் அபாரமான சிப், மெமரி வேகம் நொடிக்கு 546 ஜிபி வரை. ஆனால் கட்டட டிசைன் மென்பொருளான ரெவிட்டும் சாலிட்வொர்க்ஸும் மேக்குக்கு வருவதில்லை. எடிட்டர், புரோகிராமர் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

கேள்வி: இப்போது சின்னது வாங்கி, பின்னால் ப்ராசஸரை மட்டும் மாற்றலாமா?

முடியாது. போர்டில் சாலிடர் செய்தே வருகிறது. ஸ்லாட் இருந்தால் ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்றலாம்.

கேள்வி: சென்னை, ஏசி இல்லாத அறை. மெயில் பார்க்கும்போதுகூட ஃபேன் அலறுகிறது.

அறை சூடாக இருந்தால் சிப் தன் எல்லையைச் சீக்கிரம் தொடும், வேறு வழியில்லை. பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள், தூசியைத் துடையுங்கள். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் மேக்சிமம் ப்ராசஸர் ஸ்டேட் என்று ஒன்று இருக்கும். அதை 100-லிருந்து 99 ஆக்குங்கள். டர்போ (தற்காலிக உச்ச வேகம்) நிற்கும், ஃபேன் அடங்கும். ரெண்டர் போடும் முன் மறக்காமல் 100-க்கு மாற்றிவிடுங்கள்.