ஜெர்மனியின் கொலோன் நகர வானொலியின் மின்னணு இசைக்கூடத்தைத் தொடங்கியது இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனா?

இல்லை, அவர் வந்து சேர்ந்ததே 1953-இல்தான். 1951-இல் அது உருவாக முன்நின்றவர் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் ஐமர்ட் (1897–1972). 1962 வரை தலைவரும் அவரே. மாணவராக இருந்தபோதே, 1924-இல், சுருதி மையமில்லாத இசைக்குப் பாடநூல் எழுதி ஆசிரியரோடு மோதிய ஆள்! அப்புறம் வானொலியில் வேலை, பிறகு செய்தித்தாளில், 1945-இல் மறுபடி வானொலியில்.

அவர் படைப்புகளில் ஒன்றே ஒன்று கேட்பதானால், ஐகிச்சி குபோயாமாவுக்கான 'எபிடாஃப்' (கல்லறை வாசகம்) கேளுங்கள். குபோயாமா ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் ரேடியோ ஆபரேட்டர்; 1954-இல் பசிபிக் கடலின் பிகினி தீவில் நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிர்வீச்சுக்கு ஆளாகி இறந்தவர். முதலில் ஒருவர் கல்லறை வாசகத்தைத் தெளிவாகப் படிக்கிறார். பிறகு அந்தப் பேச்சே உருமாறி, சொற்கள் கரைந்து வெறும் ஒலியாகின்றன. இசைக்கருவி எதுவும் கிடையாது. மூலப்பொருள் அந்த ஒரு குரல்தான்.