அமா பக்கம் சாயுங்கள்: ஹவாய் படகுப் போட்டி பற்றிய உங்கள் கேள்விகள்

ஹொனலுலுவின் கேஹி காயலில் எங்கள் கிளப் போட்டியிட்ட நாளின் படங்களைப் பார்த்துவிட்டுப் பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஓவாஹூ தீவில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் துடுப்பு வலிக்கிறேன். தெரிந்தவரை சொல்கிறேன்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர்: அக்கா, இது நம்ம ஊர்க் கட்டுமரம்தானே? பக்கத்தில் ஒரு கட்டை நிற்கிறதே?

இல்லை தம்பி. நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அதற்குக் குழிந்த உடலும் கிடையாது, பக்க மிதவையும் கிடையாது. ஆங்கிலேயர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு போய் இரட்டை உடல் படகுக்கு வைத்துவிட்டார்கள். குழப்பம் அங்கே ஆரம்பித்தது. ஹவாய்ப் படகுக்கு உடல் ஒன்றுதான். அதன் இடப்பக்கம் 'அமா' என்ற மிதவை. இரண்டையும் சேர்ப்பவை 'இயாகோ' எனப்படும் இரண்டு வளைந்த குறுக்குக் கழிகள். நம் பக்கத்தில் இதன் உறவு வேண்டுமென்றால் இலங்கையின் சிங்கள மீனவர்கள் வைத்திருக்கும் 'ஒருவ' என்ற படகைப் பாருங்கள், அதற்கும் ஒரு பக்க மிதவை உண்டு.

ஆனால் 'கட்டு' என்ற சொல் இங்கேயும் பொருந்தும். இயாகோவைப் படகோடு சேர்ப்பது ஆணி அல்ல, கயிறு. ஒருவர் சுற்றுவார், இன்னொருவர் எதிர்ப்பக்கம் காலை ஊன்றிக்கொண்டு இழுத்துப் பிடிப்பார். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் ஏறாமல் பக்கத்தில் படிய வேண்டும். கடைசியில் விரலால் தட்டிப் பார்ப்போம், கொஞ்சமும் அசையக் கூடாது. பருத்திக் கயிறு நனைந்தால் இன்னும் இறுகும். முதல் ஆண்டு முழுக்க என்னைக் கயிறு பிடிக்க மட்டும்தான் விட்டார்கள், சுற்ற விடவில்லை. அது சரிதான். அந்தக் கட்டு நழுவினால் ஆறு பேரும் தண்ணீரில்தான்.

கோவை: ஆறு பேரும் ஒரே வேலைதான் செய்கிறார்களா?

வெளியிலிருந்து அப்படித்தான் தெரியும். முதல் ஆள் தாளம் வைப்பார், அவர் கை போகும் வேகம்தான் படகின் வேகம். இரண்டாவது ஆள் எதிர்ப்பக்கத்தில் அவரோடு ஒட்டிப் போவார். துடுப்பை எப்போது பக்கம் மாற்றுவது என்று அநேகமாக மூன்றாவது ஆள்தான் எண்ணிக்கை சொல்வார், சில கிளப்களில் இரண்டாவது ஆள். நான்கும் ஐந்தும் பலசாலிகள். ஐந்தாவது ஆளுக்கு உள்ளே வரும் தண்ணீரை இறைக்கும் வேலையும் உண்டு. ஆறாவது ஆள் படகைத் திருப்புபவர். சுக்கான் கிடையாது, ஒரு பெரிய துடுப்பை வைத்துக்கொண்டே 45 அடி வரை நீளமுள்ள படகை நேராக்குவார். வெறும் படகே குறைந்தது 400 பவுண்டு, கிட்டத்தட்ட 180 கிலோ. அதோடு ஆறு மனிதர்களும். அலை தள்ளும்போது அந்த ஒரு துடுப்பைப் பிடித்திருப்பவரை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

மதுரை: போட்டி நாள் எப்படி இருக்கும்? காலையிலிருந்து சொல்லுங்களேன்.

விடியுமுன் ஆரம்பம். இருட்டிலேயே கூடாரம் அடிக்க இடம் பிடிக்க வேண்டும். அப்புறம் படகு கட்டுவது. எல்லா கிளப்களும் கூடியதும் ஹவாய் மொழியில் பிரார்த்தனை. முதலில் சின்னப் பிள்ளைகளின் போட்டிகள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குட்டிகள் ஆறு பேர் கால் மைல் தூரத்தைத் துடுப்பு வலித்துக் கடப்பதைக் கரையிலிருந்து பார்க்க வேண்டும்! தாத்தா பாட்டிகள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று கத்துவார்கள். அதன்பின் புதியவர்கள், தேறியவர்கள், நாற்பது வயதைத் தாண்டியவர்கள் என்று மாலை வரை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். பெரியவர்களுக்குத் தூரம் கூடும், அரை மைல், ஒரு மைல், ஒன்றரை மைல் என்று.

நீண்ட போட்டிகளில் கடலில் நட்ட கொடியைச் சுற்றித் திரும்ப வேண்டும். வெற்றி தோல்வி பெரும்பாலும் அங்கேதான். அமா இருக்கும் இடப்பக்கமாகத் திரும்புவோம். முன்னால் இருக்கும் இரண்டு பேர் துடுப்பைப் பக்கவாட்டில் குத்தி அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, இழுப்பார்கள், பின்னால் ஆறாவது ஆள் படகின் வாலைத் தள்ளுவார், நடுவில் இருப்பவர்கள் வலிப்பதை நிறுத்தவே கூடாது. ஒருமுறை எங்கள் அமா கொடியின் மேலேயே ஏறிவிட்டது. நான் பதறித் துடுப்பை நிறுத்திவிட்டேன். அந்த மூன்று நொடியில் இரண்டு படகுகள் எங்களைத் தாண்டிப் போயின. கரைக்கு வந்ததும் யாரும் என்னைத் திட்டவில்லை. அடுத்த வாரம் பயிற்சியில் கொடியை மட்டும் இருபது முறை சுற்றினோம்.

சென்னை: சாப்பாடு?

கூடாரத்தில் ஸ்பாம் முசுபி, அதாவது டப்பா இறைச்சித் துண்டைச் சோற்றின் மேல் வைத்துக் கடற்பாசித் தாளால் சுற்றியது, மலைபோல் இருக்கும். நான் எலுமிச்சைச் சாதம் கொண்டு போவேன், மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

தூத்துக்குடி: படகு கவிழ்ந்தால்?

அதற்குப் பெயர் 'ஹூலி'. அமா இடப்பக்கம் இருப்பதால் படகு பெரும்பாலும் வலப்பக்கம்தான் கவிழும். அலை அமாவைத் தூக்கினால் உடனே எல்லோரும் இடப்பக்கம் சாய வேண்டும். அதையும் மீறிக் கவிழ்ந்தால், முதல் வேலை ஆள் எண்ணுவது. ஒன்று முதல் ஆறு வரை அவரவர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் வேறெதுவும் செய்யாமல் தேடுவோம். எண்ணி முடித்ததும் இரண்டு பேர் கவிழ்ந்த படகின் மேல் ஏறி இயாகோவைப் பிடித்துப் பின்னால் சாய்வார்கள், ஒருவர் நீரிலிருந்து அமாவை மேலே தள்ளுவார். புரண்டதும் தண்ணீர் இறைப்பது. ஆண்டுக்கு ஒருமுறையாவது நாங்களே வேண்டுமென்று கவிழ்த்துப் பழகுவோம். நீச்சல் தெரியாமல் வராதீர்கள், இதில் சலுகையே கிடையாது.

யாழ்ப்பாணம்: ஒரு படத்தில் ஒருவரைப் படகைத் தாண்ட வேண்டாம் என்று தடுப்பது போல இருக்குதே அக்கா?

நல்லாக் கவனித்திருக்கிறீங்கள். கரையில் கிடக்கும் படகைத் தாண்டக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். படகு இங்கே குடும்பத்தில் ஒருவர் மாதிரி. பழைய படகுகள் ஹவாயில் மட்டுமே வளரும் கோவா மரத்தில் குடைந்தவை. தலைமுறைகளாகக் காக்கப்படுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகளின் செல்வாக்கில் இந்தப் போட்டிகள் மங்கிப்போயின. அரசர் கலாகாவுவின் காலத்தில்தான் மீண்டும் உயிர் பெற்றன. 1986இல் இது ஹவாய் மாநிலத்தின் அதிகாரபூர்வக் குழு விளையாட்டானது. நம் கரையில் படகுக்குப் பொட்டு வைத்துப் பூ சாத்துபவர்களுக்கு இந்த மரியாதையை விளக்கத் தேவையில்லை.

திருச்சி: மொலோகாய் போட்டி என்றால் என்ன?

மொலோகாய் தீவிலிருந்து கைவி நீரிணையைக் கடந்து ஓவாஹூவுக்கு வருவது. ஏறக்குறைய 41 மைல், 66 கிலோமீட்டர். 1952இல் முதன்முதலாக மூன்றே படகுகள் கடந்தன, ஜெயித்த படகுக்கே ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆனது. இன்று முன்னணிக் குழுக்கள் ஐந்து மணி நேரத்துக்குள் முடித்துவிடுகின்றன. பெண்களால் முடியாது என்றே சொல்லி வந்தார்கள். 1975இல் பெண்கள் கடந்து காட்டினார்கள், 1979இல் அவர்களுக்கென்று தனிப் போட்டி தொடங்கியது.

அதில் ஆள் மாற்றுவதுதான் அழகு. ஒன்பது பேர் கொண்ட குழுவில் ஆறு பேர் படகில், மூன்று பேர் துணைப் படகில். மாற வேண்டியவர்கள் முன்னாலேயே கடலில் குதித்து வரிசையாக மிதப்பார்கள். படகு நிற்காமல் அவர்கள் மேலேயே வரும். உள்ளே இருப்பவர் வலப்பக்கம் உருண்டு விழ, இவர் இடப்பக்கத்திலிருந்து பிடித்து ஏறிவிட வேண்டும். தலைக்கு நேரே அணியம் வரும்போது நகராமல் மிதப்பது எனக்கு இன்றும் நடுக்கம்தான்.

சேலம்: எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சேரலாமா?

தாராளமாக. ஐம்பத்தைந்து, அறுபது, அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. எங்கள் அறுபது வயது அணி தாளம் தவறாமல் வலித்து, இளையவர்களைப் பயிற்சியில் முந்துவதை நானே பார்த்திருக்கிறேன். தோள் பலத்தைவிட இடுப்பைத் திருப்பத் தெரிவதும், முன்னிருப்பவரின் துடுப்போடு ஒரே நேரத்தில் இறக்குவதும்தான் முக்கியம்.

பெங்களூர்: நீங்கள் எத்தனாவது ஆள்?

மூன்று. எண்ணிக்கை என் பொறுப்பு. மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று தமிழில்தான் எண்ணுகிறேன். பதினான்கு வந்ததும் "ஹட்" என்று கத்துவேன். ஐந்து பேரும் "ஹோ" என்பார்கள். இன்னும் ஒரே ஒரு வலிப்பு, அப்புறம் ஆறு துடுப்பும் ஒன்றாகப் பக்கம் மாறும்.