கட்டிலை மட்டும் வரைகிறேன்

மேடம், எனக்கு 41 வயது. கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். பக்கவாதம் வந்து இரண்டு வருடம் படுக்கையில் கிடந்த அம்மா, போன தை மாதம் போய்விட்டார். கூடவே இருந்து பார்த்துக்கொண்டது நான்தான். இன்றுவரை எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. யாராவது விசாரித்தால் 'நல்லா இருக்கேன்' என்பதற்கு மேல் வாயில் வார்த்தை வருவதில்லை. ஆனால் ராத்திரியானால், தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அம்மாவின் கட்டிலை வரைகிறேன். ஆளில்லாத வெறும் கட்டில். வரையவும் எனக்குத் தெரியாது. அழுத்தி அழுத்தித் தாளே கிழிகிறது. இருபது தாள் சேர்ந்துவிட்டது. தம்பி பார்த்துவிட்டு, "என்னக்கா கிறுக்கிக்கிட்டு இருக்கே?" என்றான். எனக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டதா?

- ஒரு வாசகி

சகோதரி, இல்லை. வாயால் முடியாததைக் கை செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் ஏட்ரியன் ஹில் என்றொரு ஓவியர் இருந்தார். 1938இல் காசநோய் வந்து சானடோரியத்தில் கிடந்தபோது, படுக்கையிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தார். அது தன்னைத் தேற்றியதைப் பார்த்து மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். 'ஆர்ட் தெரபி' (ஓவியம் வழியான மனச் சிகிச்சை) என்ற பெயரை 1942இல் வைத்ததும் அவர்தான்.

அவர் ஓவியர், நமக்குத் தெரியாதே என்பீர்கள். 2016இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் படம், களிமண், கொலாஜ் (தாள் துண்டுகளை வெட்டி ஒட்டுவது) என்று எதையாவது செய்ய விட்டார்கள். நான்கில் மூன்று பேருக்கு மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் குறைந்தது. முன்அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் பெரிதாக இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் உங்கள் கோணல் கட்டிலுக்கு இது போதும்.

உங்கள் தாள்களில் ஒரு வசதி இருக்கிறது. திருப்பினால் தேதி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் தேதி வாரியாகத் தரையில் பரப்பிப் பாருங்கள். எந்தத் தாள் கிழிந்திருக்கிறது, எதில் கோடு மெலிந்திருக்கிறது? அந்த நாளில் என்ன நடந்தது? வெறும் கட்டில் என்றால் இன்ன அர்த்தம் என்று ஜோசியம் மாதிரி சொல்பவர்களை நம்பாதீர்கள். அர்த்தம் உங்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம், அடுத்த முறை கட்டிலோடு அந்த அறையையும் வரையுங்கள். ராத்திரி அம்மா கூப்பிட்டால் எழுந்திருக்க நீங்கள் எங்கே பாய் போட்டுப் படுத்தீர்கள்? இருபது தாளிலும் அந்த இடம் இல்லை என்று நினைக்கிறேன். அம்மா போன துக்கத்தோடு, இரண்டு வருட அலுப்பும் 'அப்பாடா' என்ற மூச்சும் சேர்ந்தே இருக்கும். அது பாவமில்லை. அழுகை வந்தால் வரட்டும், வராவிட்டாலும் குறையில்லை.

வரைந்த பிறகு படபடப்பு கூடினாலோ, தூக்கமும் சாப்பாடும் கெட்டாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ தனியாகத் தோண்டாதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ (டெலி மானஸ்) எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஆர்ட் தெரபி என்று பலகை மாட்டியவரிடம் போவதானால், உளவியல் பயிற்சி பெற்றவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஓவிய வகுப்பு வேறு, இது வேறு.

தம்பிக்கு விளக்கம் சொல்ல வேண்டாம். அந்தத் தாள்களைக் குப்பை என்று எடுத்துப் போட்டுவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.